வெப்பத்தில் வளரும் விரிசல்: சுற்றுகளை எண்ணினால் மட்டும் போதாது

"எஃகு நீராவிக் குழாயில் விரிசல் எவ்வளவு வளரும் என்பதைச் சுமைச் சுற்றுகளை (சுமை ஏறி இறங்கும் தடவைகளை) எண்ணியே கணித்துவிடலாம், ஒரு சுற்று எவ்வளவு நேரம் நீடித்தாலும் கணக்கு மாறாது" என்று பரவும் கூற்று தவறானது.

அறை வெப்பநிலையில், ஒரு சுற்றின் வளர்ச்சியை விரிசல் முனையின் தகைவுச் செறிவு வீச்சோடு (அங்கே குவியும் தகைவு, அதாவது உள்விசை, ஒரு சுற்றில் ஏறி இறங்கும் அளவோடு) இணைக்கும் பாரிஸ் விதி பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் அனல்மின் நிலையங்களில் பயன்படும் 9 சதவீதக் குரோமிய எஃகான பி91, ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸில் சுமை தாங்கி நிற்கும்போது, அந்தச் சுமை சற்றும் மாறாவிட்டாலும், முனையருகே உலோகம் மெல்ல நீண்டு, அதிலுள்ள நுண்ணிய படிகமணிகளின் எல்லைகளில் நுண்துளைகள் தோன்றி ஒன்றோடொன்று இணைகின்றன. புதிதாகத் திறந்த பரப்பை ஆக்சிசனும் அரிக்கிறது. ஆகவே, பல மணி நேரம் நீளும் ஒரு சுற்று, சில நொடிகளில் முடியும் சுற்றைவிட விரிசலை மிகுதியாக நீட்டக்கூடும். பற்றவைப்பை ஒட்டிய, வெப்பத்தால் பாதிக்கப்பட்ட பகுதியில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே எண்ணிக்கையை மட்டும் நம்புவது பொறுப்பற்ற செயல். சுற்றால் வரும் வளர்ச்சியையும் தாங்கு நேரத்தில் (சுமை மாறாமல் நிற்கும் நேரத்தில்) வரும் வளர்ச்சியையும் தனித்தனியே கணித்துக் கூட்டுவதே பொறியாளர்களின் வழக்கம்.