கேட்ட கேள்விதான் தப்பு

போன வாரம் எங்கள் தெருவில் மறதி நோய் ஆய்வுக்கு வீடு வீடாக வந்து கணக்கெடுத்தார்கள். நோய் இருப்பதாக யாரும் சொல்லாததற்கு "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். இல்லை. கேட்ட கேள்விதான் தப்பு.

வாசலில் நின்று "இந்த வீட்டில் யாருக்காவது மறதி நோய் இருக்கா?" என்றால் யாராக இருந்தாலும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அண்ணனும் அதையே சொன்னான். பக்கத்துத் திண்ணையில்தான் அம்மா உட்கார்ந்திருந்தார்.

இது பழைய சிக்கல். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, 10/66 என்ற மறதி நோய் ஆய்வுக் குழுவின் ஆய்வில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. 65 வயது தாண்டியவர்களை டிஎஸ்எம்-4 என்ற அமெரிக்க வரையறைப்படி பார்த்தால் இந்தியக் கிராமத்தில் டிமென்ஷியா, அதாவது இந்த மறதி நோய், 0.3 சதவீதம்தான். படிக்காதவர்களையும் மனதில் வைத்து அந்தக் குழுவே உருவாக்கிய முறையில் பார்த்தபோது எந்த ஊரிலும் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. அமெரிக்க வரையறைக்கு மறதியால் அன்றாடக் காரியம் கெட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சமையல் அண்ணி, ரேஷன் அண்ணன். அம்மா கையில் கெட்டுப்போக என்ன காரியம் இருக்கிறது?

சரி, நேரடியாகச் சோதிக்கலாமே என்பீர்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று முப்பது மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். அம்மா மூன்றாவது வரைதான் படித்தவர். நாற்பது வயதிலேயே அதற்குத் திணறியிருப்பார்.

ஆனால் பொங்கலன்று அடுப்பு முன்னால் நின்று "முதல்ல பாலா, அரிசியா?" என்று என்னைக் கேட்டார். ஐம்பது வருஷமாகப் பானை வைத்த கை. "வயசாச்சுல்லம்மா" என்று சிரித்துவிட்டு நகர்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

வருகிறவர்களுக்கு ஆள் குறைவு, நேரம் குறைவு என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் லெகனெமாப் மாதிரி மறதி நோய்க்கான புது மருந்துகளை ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம்தான் சோதித்தார்கள். முற்றிய பிறகு கண்டுபிடித்தால் அம்மா மாதிரி ஆட்களை எந்த ஆய்வில் சேர்ப்பீர்கள்? சம்மதம்கூட அவர்கள் வாயால் வாங்க முடியாதே! பொருளை வைத்த இடம் மறக்கிறாரா, தெரிந்த தெருவில் வழி தப்புகிறாரா, சேலை கட்டத் தடுமாறுகிறாரா என்று கேளுங்கள். வாசலுக்கு வருகிற ஆம்பளையிடம் இல்லை, கூடவே இருந்து பார்க்கிறவரிடம் கேளுங்கள்.

நேற்று அண்ணியிடம் போனில் கேட்டேன். குளித்ததையே மறந்து மறுபடி குளிக்கப் போவது, ராத்திரி எழுந்து செத்துப்போன தாத்தாவுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பது என்று முக்கால் மணி நேரம் சொன்னார். இரண்டு வருஷமாக நடக்கிறதாம். ஏன் அண்ணி அன்றைக்கே சொல்லவில்லை என்றேன்.

"என்னை யாரு கேட்டா?" என்றார்.