ஒயிட் சாக்ஸ்தான் வரலாற்றிலேயே மோசமான அணியா?

"பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகத் தோல்வி கண்ட, மிக மோசமான அணி 2024-இன் சிகாகோ ஒயிட் சாக்ஸ்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி சரி, பாதி தவறு.

அந்த சீசனில் ஒயிட் சாக்ஸ் 41 வெற்றி, 121 தோல்வி. 1900-க்குப் பிறகு இத்தனை ஆட்டங்களில் எந்த அணியும் தோற்றதில்லை. ஆனால் 1899-இல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் 134 ஆட்டங்களில் தோற்றது, வென்றது வெறும் 20. அதன் உரிமையாளர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, சை யங் உள்ளிட்ட நல்ல ஆட்டக்காரர்களை அங்கே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எப்படி ஜெயிக்கும்?

தோல்விகளை மட்டும் எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. இப்போது சீசனுக்கு 162 ஆட்டங்கள், 1960 வரை பெரும்பாலும் 154தான். எனவே வெற்றி விகிதத்தைப் பார்ப்பதே நியாயம். ஒயிட் சாக்ஸ் 25.3 சதவீதம். 1916-இன் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 36 வெற்றி, 117 தோல்வியோடு 23.5 சதவீதம். 1935-இன் பாஸ்டன் பிரேவ்ஸ் (38–115), 1962-இல் முதன்முதலாகக் களமிறங்கிய நியூயார்க் மெட்ஸ் (40–120) இரண்டும் ஒயிட் சாக்ஸுக்குக் கீழேதான்.

சொந்த அணியின் பழைய சீசன்களோடு ஒப்பிட்டால் மட்டும் தப்ப வழியில்லை. அதற்கு முன் அவர்களின் அதிகபட்சத் தோல்வி 1970-இன் 106. விகிதத்தில் மோசமான 1932-இல்கூட (49–102) 32 சதவீதம் வென்றிருந்தார்கள். இத்தனைக்கும் 2021-இல் 93 ஆட்டங்களை வென்று தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணி இது.