யாழ்ப்பாணத்துக்குத் தனியே வருகிறவர்கள் முதலில் கடைசிப் பஸ்ஸைக் கேளுங்கள்

"தனிய யாழ்ப்பாணம் வாறன், செலவைக் குறைக்க என்ன வழி?" என்று உள்பெட்டியில் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கை உளைகிறது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். வீண் வேலை. காலையில் சைவக்கடையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு, பின்னேரம் வடையும் பிளேன்ரீயும் என்று வயிறு நிறையச் சாப்பிட்டு இங்கே யாரும் கடனாளி ஆனதில்லை. தனியே வருகிறவரின் காசு கரைவது அறையிலும் ஓட்டோவிலும்தான். நாலு பேர் வந்தால் நாலாகப் பிரிகிற வாடகையை நீங்கள் ஒருவரே கட்டவேண்டும். பல லொட்ஜுகளில் ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் ஒரே விலை.

அதனால் அறையைப் பஸ் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள். ஏசி இல்லாத அறை இருக்கிறதா என்று வாய்திறந்து கேளுங்கள், அவர்களாகக் காட்டமாட்டார்கள். இணையத்தில் மலிவாகத் தெரிகிற அறை பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே ஏதாவது ஒழுங்கைக்குள் இருக்கும். இருட்டினால் பஸ் இல்லை. மிச்சம் பிடித்த காசை இரண்டு ஓட்டோ ஓட்டம் விழுங்கிவிடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அறை விலையைக் கேட்கவே வேண்டாம். தேர், தீர்த்தம் பார்க்க வருவதென்றால் வேளைக்கே பிடித்துவிடுங்கள். லீவு நாட்களில் கொழும்பு ரயில் ஆசனமும் அப்படித்தான்.

அடுத்தது, ஒரு நாளின் திட்டத்தைத் திரும்பிவருகிற நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். நெடுந்தீவுப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் 776ஆம் இலக்க பஸ் ஏறினால் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்கிவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகு அடிக்கடி ஓடும். நெடுந்தீவுக்கு அப்படியில்லை. ஒரு மணித்தியாலம் அளவில் கடலில் போகவேண்டும், நாளுக்குச் சில படகுகள்தான். ஏறும்போதே "அண்ணை, திரும்பி வாற கடைசிப் படகு எத்தினை மணிக்கு?" என்று கேளுங்கள். சரி, அதை எல்லோரும் கேட்பார்கள். அந்தப் படகு கரைக்கு வரும்போது யாழ்ப்பாணப் பஸ் நிற்குமா என்பதையும் இறங்குதுறையிலேயே கேட்டுவைக்க வேண்டும். அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பஸ்ஸை விட்டால் நகரம் வரைக்கும் ஓட்டோ. அன்றைய சேமிப்பு முழுக்க அதிலே போய்விடும். நேரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இணையத்தில் கிடக்கிற பழைய அட்டவணையை நம்பாதீர்கள்.

நெடுந்தீவில் பெருக்கமரம் ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம், குதிரைகள் மேய்கிற வெளி இன்னொரு பக்கம். உச்சி வெயிலில் நடந்து முடிக்கலாம் என்று கனவு காணவேண்டாம், பவளக்கல் மதில்களின் நிழல் முழங்காலுக்கு மேலே வராது. படகிலேயே ஒரு குடும்பத்தோடு கதை கொடுங்கள். "அக்கா, ஓட்டோவில ஓரிடம் இருக்குமோ? பங்கு தாறன்" என்றால் பெரும்பாலும் ஏற்றிக்கொள்வார்கள், கட்டிவந்த சோற்றிலும் பங்கு வரும். (காசு வேண்டாம் என்பார்கள். வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள்.)

"தனியவோ வந்தனீங்கள்?" என்று பஸ்ஸில், கடையில், கோயிலில் எல்லோரும் கேட்பார்கள். பெண்பிள்ளை என்றால் இரண்டு தரம் கேட்பார்கள். அநேகமாக அது வெறும் விடுப்பு, அறிகிற ஆவல்தான், முறைக்கத் தேவையில்லை. ஆனால் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று யாருக்கும் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. "ரவுணுக்குள்ள" என்றால் போதும்.

கார்த்திகை, மார்கழியில் வருகிறவர்கள் தீவுப் பயணத்தை முதல் நாளிலேயே வையுங்கள். காற்றும் மழையும் பிடித்தால் படகு ஓடாது, அடுத்த நாள் போகக் கையில் நாள் இருக்கவேண்டும். யாழ்ப்பாணக் கோட்டை, நூலகம், சந்தை எல்லாம் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அவற்றைக் கடைசி நாளுக்கு விட்டாலும் ஒரு குடையோடு பார்த்து முடித்துவிடலாம்.