‘டோன்ட் ஸ்பீக்’ ஏன் அந்தப் பட்டியலில் இல்லை?

தொண்ணூறுகளின் அமெரிக்க ஹிட் பாடல்களைத் தொகுக்க உட்காருபவர் முதலில் எடுப்பது, பில்போர்டு என்ற இசைப் பத்திரிகை வாரம்தோறும் போடும் ஹாட் 100 பட்டியலைத்தான். வருடக் கடைசிப் பட்டியல்கள் பத்தையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் முதல் இருபதை வெட்டி ஒட்டினால் இருநூறு பாட்டு. வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அந்த இருநூறில் நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ இருக்காது. 1996 கடைசியிலும் 1997 தொடக்கத்திலுமாக அமெரிக்க வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு அது. ஹாட் 100-இல் நூறாவது இடம்கூட அதற்குக் கிடைக்கவில்லை.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். 1991 நவம்பர் கடைசியிலிருந்து 1998 நவம்பர் வரையிலான ஹாட் 100-ஐத் தனியாக வைத்துக்கொண்டு யாரும் தொகுப்புப் போடக் கூடாது. பக்கத்திலேயே வானொலி ஒலிபரப்புப் பட்டியலையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்தாண்டில் ஊர் முழுக்க ஒலித்த பல பாட்டுகள் நம் கையிலிருந்து நழுவிப் போகும்.

ஏன் இப்படி ஆனது? ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் ஒரே கேசட்டில் வாங்கிப் பழகிய நமக்கு ‘சிங்கிள்’ கணக்கு சற்றுப் புதிது. அமெரிக்காவில் ஒரு பாட்டைத் தனியே எடுத்து, கூட இன்னொரு பாட்டையோ ரீமிக்ஸையோ சேர்த்து, சின்ன கேசட்டாகவோ சிடியாகவோ விற்பார்கள். அந்த சிங்கிளின் விற்பனையையும் வானொலியில் அது ஒலித்த அளவையும் கூட்டிப் போடுவதுதான் ஹாட் 100. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: பாட்டு கடையில் சிங்கிளாக வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால், வானொலியில் ராத்திரி பகலாக ஓடினாலும் பட்டியலுக்குள் இடம் இல்லை.

இசைக் கம்பெனிகளுக்கோ சிங்கிள் விற்பதில் ஆசை குறைந்துகொண்டே வந்தது. சிங்கிளில் கிடைப்பது சில்லறை. அதே ஒரு பாட்டுக்காக ஒருவரை முழு ஆல்பம் சிடியையும் வாங்க வைத்துவிட்டால் வருமானம் பல மடங்கு. இதன் ஆரம்ப அடையாளம் 1990-லேயே தெரிகிறது. எம்.சி. ஹாமரின் ‘யூ கான்ட் டச் திஸ்’ 12 அங்குல இசைத்தட்டாக மட்டுமே சிங்கிள் வந்தது. மக்கள் கேசட் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இசைத்தட்டை எத்தனை பேர் வாங்குவார்கள்? பாட்டு 8-ஆம் இடத்தோடு நின்றது. ஆல்பம் மட்டும் 21 வாரம் முதலிடம்.

தொண்ணூறுகளின் நடுவில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. 1995-இல் ரெம்ப்ராண்ட்ஸ் பாடிய, ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் தொடக்கப் பாட்டு வானொலியில் 8 வாரம் முதலிடம். சிங்கிள் தாமதமாக வந்ததால் ஹாட் 100-இல் 17-ஆம் இடம் வரைக்கும்தான் போனது. 1996-இல் ஃப்யூஜீஸ் குழுவின் ‘கில்லிங் மி சாஃப்ட்லி’, அதன்பின் கார்டிகன்ஸின் ‘லவ்ஃபூல்’, 1997-இல் வில் ஸ்மித்தின் ‘மென் இன் பிளாக்’, சுகர் ரேயின் ‘ஃப்ளை’. இவை எதுவுமே ஹாட் 100-இல் இல்லை.

சிங்கிளை வைத்து நேர் எதிரான வேலையும் நடந்தது. பாட்டை முதலில் வானொலிக்குக் கொடுத்துவிட்டு, சிங்கிளை வாரக்கணக்கில் கடைக்கு அனுப்பாமல் வைத்திருப்பார்கள். கேட்பவர்களின் ஆவல் உச்சத்துக்கு வந்ததும் ஒரே நாளில் எல்லாக் கடையிலும் இறக்குவார்கள், சில சமயம் ஒரு டாலருக்கும் குறைந்த விலையில். முதல் வார விற்பனை குவிந்து, பாட்டு நுழையும்போதே முதலிடத்தில் நுழையும். 1958-இல் தொடங்கிய ஹாட் 100-இல் அப்படி நேராக முதலிடத்தில் நுழைந்த முதல் பாட்டு 1995 செப்டம்பர் பட்டியலில் வந்த மைக்கேல் ஜாக்சனின் ‘யூ ஆர் நாட் அலோன்’. 37 வருடம் நடக்காத ஒன்று, அந்த வருடம் முடிவதற்குள் இன்னும் மூன்று முறை நடந்தது. செலின் டியானின் ‘மை ஹார்ட் வில் கோ ஆன்’ 1998-இல் இதே வழியில்தான் முதலிடத்தில் நுழைந்தது. சிங்கிளின் பிரதிகளை அளவாகவே போட்டதால் அங்கே 2 வாரம்தான் நின்றது. வானொலியில் 10 வாரம். அந்தப் பாட்டின் வீச்சைச் சொல்வது இரண்டாவது எண்தான்.

இனி எந்திரத்தின் கதை. 1991 நவம்பர் 30 தேதியிட்ட பட்டியலிலிருந்து கணக்கெடுக்கும் முறையே மாறியது. அதற்கு முன்னால் கடைக்காரர்கள் எது முன்னால் விற்கிறது, எது அடுத்தது என்று வரிசை சொல்வார்கள். எத்தனை பிரதி என்ற கணக்கு கிடையாது. வானொலி நிலையங்களும் தங்கள் பாட்டு வரிசையைத் தாங்களே சொல்லின. கம்பெனி அடுத்த சிங்கிளுக்கு நகர்ந்தால் நிலையமும் பழையதைக் கீழே இறக்கிவிடும். முறை மாறிய பிறகு சவுண்ட்ஸ்கேன் என்ற விற்பனைக் கணக்கு அமைப்பு கல்லாவில் பார்கோடைப் படித்து விற்பனையை எண்ணியது. பிடிஎஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு வானொலியைக் கணினியால் கேட்டு, எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணியது. அந்த முறையில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு பி.எம். டான் குழுவின் ‘செட் அட்ரிஃப்ட் ஆன் மெமரி பிளிஸ்’.

விளைவைப் பாருங்கள். 1990-இல் ஹாட் 100 முதலிடத்தில் இருந்த பாட்டுகள் 26. 1996-இல் வெறும் 9. மக்களின் ரசனை ஆறு வருடத்தில் இவ்வளவு மந்தமாகிவிடவில்லை. ஒரு பாட்டை ஜனங்கள் மாதக்கணக்கில் வாங்குவார்கள், கேட்பார்கள் என்பது எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எண்பதுகளில் மிக நீண்ட முதலிடம் ஒலிவியா நியூட்டன் ஜானின் ‘ஃபிசிக்கல்’, 10 வாரம். 1992-இல் பாய்ஸ் டு மென் 13 வாரம் நின்றார்கள். அதை விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ 14 ஆக்கியது. 1995 டிசம்பரில் தொடங்கிய ‘ஒன் ஸ்வீட் டே’, மரியா கேரியும் பாய்ஸ் டு மென்னும் சேர்ந்து பாடியது, 16 வாரம். அந்தச் சாதனையை 2019 வரை யாரும் தாண்டவில்லை. ஆகவே 1990-இல் ஒரு வாரமே முதலிடத்தில் இருந்த பாட்டை 1996-இல் எட்டு வாரம் நின்ற பாட்டோடு வைத்து ‘சின்ன ஹிட்’ என்று எழுதுவது தப்புக் கணக்கு. வில்சன் ஃபிலிப்ஸின் ‘ஹோல்ட் ஆன்’ முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். 1990-இன் வருடக் கடைசிப் பட்டியலில் அதுதான் முதல்.

தொகுக்கிறவர்கள் பத்தாண்டை மூன்றாக வெட்டிக்கொள்ளுங்கள். 1991 நவம்பர் 30 வரை முதல் துண்டு: இதில் முதலிட வாரங்களை எண்ணாதீர்கள், முதல் ஐந்துக்குள் வந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருடக் கடைசி இடத்தைப் பார்த்து வடிகட்டுங்கள். இரண்டாவது துண்டு 1998 டிசம்பர் 5 வரை. உழைப்பு வேண்டியது இங்கேதான். ஹாட் 100-இன் முதல் பத்தையும், ‘ஹாட் 100 ஏர்ப்ளே’ பட்டியலின் முதல் பத்தையும் வாரம் வாரமாகப் பக்கத்தில் வைத்து, இரண்டாவதில் மட்டும் இருப்பதைத் தனி நிறத்தில் குறியுங்கள். அந்த வானொலிப் பட்டியலுக்கு இப்போது ‘ரேடியோ சாங்ஸ்’ என்று பெயர். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். மூன்றாவது துண்டுக்கு ஹாட் 100 மட்டுமே போதும். அந்த டிசம்பர் 5-ஆம் தேதிதான் சிங்கிள் நிபந்தனையை எடுத்தார்கள்.

நிபந்தனை போன அந்த வாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கூ கூ டால்ஸின் ‘ஐரிஸ்’ வானொலியில் 18 வாரம் முதலிடம். கதவு திறந்தபோது அதன் அலை ஓய்ந்துகொண்டிருந்தது. ஹாட் 100-இல் 9-ஆம் இடத்தில் நுழைந்தது, அதுவே அதன் உச்சமாகவும் பதிவாகிவிட்டது. நடாலி இம்ப்ருக்லியாவின் ‘டார்ன்’ வானொலியில் 11 வாரம் முதலிடம். ஹாட் 100-இல் 42. இந்த எண்களை மட்டும் பார்த்து ‘டார்ன்’ பாட்டை ஒதுக்குவது பெரிய அநியாயம்.

அடுத்து, எந்தப் பதிவு என்று பாருங்கள். ‘மகரேனா’ முதலிடத்துக்கு வர 33 வாரம் எடுத்துக்கொண்டு, பிறகு 14 வாரம் அங்கேயே இருந்தது. ஓடியது பேசைட் பாய்ஸ் ரீமிக்ஸ். லோஸ் டெல் ரியோவின் மூல ஸ்பானியப் பதிவைச் சேர்த்தால் அது வேறு பாட்டு. ‘ஹௌ டு ஐ லிவ்’ பாட்டை 1997-இல் லியான் ரைம்ஸும் ட்ரிஷா இயர்வுடும் தனித்தனியே பாடினார்கள். 69 வாரம் பட்டியலில் இருந்தது ரைம்ஸின் குரல். அது ஒரு வாரம்கூட முதலிடம் பார்க்கவில்லை, உச்சம் 2. ஆனாலும் பின்னாளில் பில்போர்டு திரும்பக் கணக்கிட்டபோது தொண்ணூறுகளின் முதல் பாட்டாக வந்தது இதுதான். 1999-இல் போட்ட பத்தாண்டுப் பட்டியலில் அந்த இடம் ‘ஒன் ஸ்வீட் டே’க்கு இருந்தது.

இரட்டை சிங்கிள்களிலும் கவனம் வேண்டும். 1997-இல் எல்டன் ஜானின் ‘கேண்டில் இன் தி விண்ட்’ முதல் வாரத்திலேயே 34 லட்சத்துக்கு மேல் விற்று, 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே சிங்கிளில் ‘சம்திங் அபௌட் தி வே யூ லுக் டுநைட்’ பாட்டும் இருந்ததால் இரண்டுக்கும் ஒரே வரி. தொகுப்பில் இரண்டையும் போடுங்கள். பாடகி ஜூவலின் 65 வாரம் பட்டியலில் இருந்த சிங்கிளும் (‘யூ வேர் மென்ட் ஃபார் மி’, ‘ஃபூலிஷ் கேம்ஸ்’) இப்படி இரட்டைதான்.

கடைசியாக, வருட எல்லை. பில்போர்டின் வருடம் டிசம்பரில் தொடங்கி நவம்பரில் முடியும். 1992 நவம்பர் கடைசியில் முதலிடம் ஏறிய விட்னி ஹூஸ்டன் பாட்டு 1993-இன் முதல் பாட்டாக இருப்பது அதனால்தான். சன்டானாவும் ராப் தாமஸும் சேர்ந்து செய்த ‘ஸ்மூத்’ 1999 அக்டோபரில் முதலிடம் ஏறி 12 வாரம் நின்றது. தொண்ணூறுகளின் கடைசி முதலிடமும் 2000-இன் முதல் முதலிடமும் அதுதான். அதன் கணக்கு இரண்டு வருடங்களுக்குப் பிரிந்துவிட்டதால் 1999-இன் வருடக் கடைசிப் பட்டியலில் மேலே தேடாதீர்கள்; வாரப் பட்டியலைப் பார்த்துக் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.