பட்டத்தில் 'நியூரோ' என்று இருந்தாக வேண்டுமா?

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் கீழ்வீட்டு அக்காவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மூளையையும் நரம்பையும் ஆராயும் நியூரோசயின்ஸ்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். ஏஜென்சிக்காரர் ஒருவர் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றைக் காட்டி, ஊரில் இருக்கும் வீட்டை அடமானம் வைத்தால் கடன் வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நீ அந்தப் படிப்புதானே தம்பி படிச்சே, என்ன செய்யலாம் சொல்லு" என்று அக்கா கேட்டார். இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது வீடு இது. அதனால் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

நான் டெல்லியில் ஒரு பெரிய பொதுப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். மூன்று வருடக் கட்டணமும் சேர்ந்து அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டவில்லை. சான்றிதழில் மூளை, நரம்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் மூளையை முதன்முதலில் கையில் வாங்கியது அங்கேதான். இறைச்சிக் கடையிலிருந்து வந்த ஆட்டு மூளை. நம் வீட்டில் மிளகு போட்டு வறுப்போமே, அதுதான். ஃபார்மலினில் ஊறி பனீர் மாதிரி இறுகியிருந்தது. மேசையைச் சுற்றி பன்னிரண்டு பேர் எட்டிப் பார்க்க, லேப் உதவியாளர் சிறுமூளையை நெடுக்காக வெட்டித் திருப்பிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு மரம்! அடிமரம், கிளை, கிளைக்குள் கிளை. பக்கத்தில் நின்ற பீகார் பையன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். லத்தீனில் அதன் பெயரே 'வாழ்வின் மரம்' என்று அப்புறம்தான் தெரிந்தது.

இந்தத் துறையை உருவாக்கியவர்களைப் பாருங்கள். 1873இல் வெள்ளி உப்பால் நரம்பணுவுக்குக் கறுப்பேற்றிக் காட்டிய கோல்ஜியும், அதே சாயத்தை வைத்து நரம்பணுக்கள் தனித்தனிச் செல்கள் என்று வாதாடிய ககாலும் மருத்துவம் படித்தவர்கள். இருவரும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1952இல் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை வைத்து, நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று சமன்பாடு எழுதிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் உடலியங்கியல்காரர்கள். நம் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன்தான், துண்டிக்கப்பட்டு இல்லாமல் போன கையில் வலிக்கிறது என்றவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியை வைத்து நிவாரணம் தேடினார். அமெரிக்காவில் நியூரோசயின்ஸுக்கென்று பெரிய சங்கம் அமைந்ததே 1969இல்தான்.

சும்மா இருக்கும் நரம்பணுவின் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் மின்னழுத்த வித்தியாசம் சுமார் 70 மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சோடியமும் பொட்டாசியமும் உள்ளே வெளியே போய்வருவதை வைத்துத்தான் மூளை இவ்வளவும் செய்கிறது. இது விளங்க எனக்கு இயற்பியல் தேவைப்பட்டது. எங்கள் கட்டடத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்து, இயற்பியல் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கி பற்றிய பாடம் நடந்தது. சவ்வும் ஒரு மின்தேக்கிதான் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. பெரிய பல்கலைக்கழகத்தின் அருமை இதில்தான் இருக்கிறது. கணிதம், வேதியியல், உளவியல், மொழியியல் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்க வேண்டும். இருந்த ஒரே மின்பதிவுக் கருவி வருடத்தில் பாதி நாள் பழுது. நல்ல கருவிகளைத் தொட ஆராய்ச்சிக்குத்தான் போக வேண்டும். சரி, அதற்கும் இடம் இருக்கிறது. டெல்லிக்குப் பக்கத்திலேயே மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் நிறுவனம். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அந்தக் கட்டத்தில் படிப்புக்கு நாம் கொடுப்பதைவிட நமக்குத் தருவதுதான் அதிகம்.

"சர்டிஃபிகேட்ல அந்தப் பேரே இல்லைன்னா எப்படிண்ணா சேர்த்துக்குவாங்க?" என்று பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது என்னோடு இயற்பியல் படித்தவர், பொறியியல் படித்தவர், உளவியல் படித்தவர் எல்லாரும் இருந்தார்கள் என்றேன். அவள் முகத்தில் இன்னும் சந்தேகம் தெரிகிறது. வரும் ஞாயிறு காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஆட்டு மூளை வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கத்தியும் தட்டும் எடுத்து வைக்கிறேன் என்றாள்.