கில்லார்னி ஏரியில் யாரும் காப்பாற்றப்படவில்லை

‘தி லில்லி ஆஃப் கில்லார்னி’ என்ற ஓபராவில் (இசை நாடகத்தில்) வருவது அயர்லாந்தின் கில்லார்னியில் நடந்த உண்மைக் கதை, நாயகி உயிர் பிழைத்தாள், இசை முழுக்க அயர்லாந்து நாட்டுப்புறப் பாடல்கள் என்றொரு தகவல் பகிரப்படுகிறது. அது தவறு.

கதைக்கு வேராக ஒரு நிஜச் சம்பவம் உண்டு. ஆனால் நடந்த இடம் அயர்லாந்தின் ஷானன் ஆறு. எலன் ஹான்லி என்ற 15 வயதுப் பெண்ணை, அவளை மணந்த ஜான் ஸ்கான்லன் தன் வேலையாள் ஸ்டீபன் சல்லிவனை வைத்து 1819இல் கொன்றார். உடல் கிளேர் மாவட்டக் கரையில் ஒதுங்கியது. ஸ்கான்லனுக்காக வாதாடியவர் புகழ்பெற்ற அயர்லாந்து வழக்கறிஞர் டேனியல் ஓ'கானல். அவராலும் காப்பாற்ற முடியவில்லை. 1820இல் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

இந்தச் சம்பவத்தை வைத்து ஜெரால்ட் கிரிஃபின் எழுதிய 1829ஆம் ஆண்டு நாவலிலும் அந்தப் பெண் இறக்கிறாள். அவளைப் பிழைக்க வைத்தது டியன் பூசிகோவின் 1860ஆம் ஆண்டு நாடகம். 1862இல் லண்டன் கோவன்ட் கார்டனில் அரங்கேறிய ஓபரா அந்த நாடகத்தைப் பின்பற்றியது.

அப்புறம் இசை. ஓபராவில் வரும் ‘குரூஸ்கீன் லான்’ பழைய அயர்லாந்து மெட்டுதான். ஆனால் பலரும் நாட்டுப்பாடல் என்று நினைக்கும், நிலவொளியைப் பாடும் இருகுரல் பாட்டு, ஓபராவின் இசையமைப்பாளர் ஜூலியஸ் பெனடிக்ட் இசையமைத்தது. ஜெர்மனியில் பிறந்து, இசையமைப்பாளர் வெபரிடம் பயின்றவர் அவர். அந்த அழகான மெட்டுக்கான பெருமை அவருக்கே சேர வேண்டும்.