முதலில் நல்ல இலையை ஓட்டிப் பாருங்கள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தங்கை ஒருத்தி, "அக்கா, நாம கேட்ட ஆன்டிபாடி வந்துடுச்சு, டைட்டர் நல்லா இருக்குன்னு பேப்பரும் வச்சிருக்காங்க, நாளைக்கே எலைசா போட்டுடலாமா" என்று கேட்டாள். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடிக்கிற புரதம், டைட்டர் என்பது அது எவ்வளவு நீர்த்தாலும் பிடிக்கிறது என்ற எண், எலைசா அதை வைத்துத் தட்டில் செய்யும் சோதனை. வேண்டாம் என்றேன். அவளிடம் சொன்ன காரணத்தை இங்கேயும் எழுதுகிறேன், இதே வேலையில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

சேலத்தில் நாங்கள் பார்ப்பது குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) வரும் தேமல் நோய். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசிக்குப் போகிற கிழங்கெல்லாம் குச்சி வெட்டி நடுவதுதான், அதனால் தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் அடுத்த நடவுக்கும் அப்படியே வந்துவிடும், போதாததற்கு வெள்ளை ஈ வேறு பரப்பும். நடுவதற்கு முன்பே குச்சி நல்லதா என்று பார்க்க, வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி தேவைப்பட்டது. அந்தப் புரதத்திலிருந்து 15 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு சிறு துண்டை, அதாவது பெப்டைடை, ஆன்டிபாடி செய்து தரும் கம்பெனிக்குக் கொடுத்தோம். அதைக் கேஎல்ஹெச் என்ற பெரிய புரதத்தோடு கோத்து, இரண்டு முயலுக்கு ஊசி போட்டு, மூன்று மாதத்தில் சீரம் (ஆன்டிபாடி இருக்கிற, ரத்தத்தின் தெளிந்த நீர்) அனுப்பினார்கள்.

இலைச் சாற்றின் புரதங்களை ஜெல்லில் ஓட்டி அளவுப்படி பிரித்து, ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் வெஸ்டர்ன் பிளாட். அதில் தேமல் இலைக்கு 30 கிலோ டால்டன் (புரதத்தின் எடை அளவு) பக்கத்தில் பேண்ட், அதாவது ஒரு கோடு. மேலுறைப் புரதமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், எவ்வளவு சந்தோஷம்! ஆறு மாதம் தோட்டம் தோட்டமாக இலை பறித்து ஓட்டினோம், எல்லாவற்றிலும் வந்தது. தேமலே தெரியாத இலையிலும் வந்தது. அறிகுறி இல்லாமலும் வைரஸ் இருக்கலாம் என்பது உண்மைதானே, அதைச் சொல்லியே மனதைத் தேற்றிக்கொண்டோம். அப்புறம்தான் திசு வளர்ப்பில் வந்த, பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் வைரஸ் இல்லை என்று பார்த்துவைத்த கன்றின் இலையை ஓட்டினேன். அதே இடத்தில் அதே பேண்ட்.

ஊசி போடுவதற்கு முன் அந்த முயல்களிடம் எடுத்த சீரத்தைக் கேட்டு வாங்கினோம், அதுவரை எங்களுக்கு அனுப்பவே இல்லை. அதை ஓட்டினாலும் அதே பேண்ட் இருந்தது! நாள் முழுக்கத் தழை தின்கிற பிராணிக்கு ஏதோ ஒரு செடிப் புரதத்துக்கு எதிராக ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்திருக்கிறது. பேப்பரில் போட்ட டைட்டர் பொய் இல்லை, ஆனால் அது பெப்டைடை மட்டும் தட்டில் ஒட்டவைத்துப் பார்த்த கணக்கு. இலைச் சாற்றில் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே அது எதைப் பிடிக்கும் என்று அந்த எண் சொல்லாது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஆன்டிபாடிகளைச் சோதித்துப் பார்க்கும் ஒய்காரோஸ் (YCharOS) குழு 65 மனிதப் புரதங்களுக்கு விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதமே இல்லாமல் செய்த செல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 2023இல் வெளியிட்டது. சரியான புரதத்தைப் பிடிக்காத ஆன்டிபாடியை வைத்து எழுதிய கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 இருந்தன.

இரண்டாவது முறை ஐந்து முயல்களின் சீரத்தை முதலில் வாங்கி, எங்கள் நல்ல கன்றில் ஓட்டி, பேண்ட் காட்டாத இரண்டுக்கு மட்டும் ஊசி போடச் சொன்னோம். வந்த சீரத்தைப் பெப்டைடு கோத்த காலமில் (பெப்டைடைப் பிடிக்கிற ஆன்டிபாடியை மட்டும் நிறுத்திவைக்கும் குழாயில்) ஏற்றிச் சுத்தம் செய்தோம். இந்த முறை நல்ல கன்றில் ஒன்றுமே இல்லை, தேமல் இலையில் மட்டும் ஒரே கோடு.

முன்பு ஆத்தூர் பக்கம் இலை பறிக்கப் போனபோது ஒரு அம்மா கேட்டார், "ஏஞ்சாமி, இந்தக் குச்சிய நடலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு". அந்த முதல் சீரத்தை நம்பியிருந்தால் அவருடைய நல்ல குச்சியையும் எரிக்கச் சொல்லியிருப்பேன்.

தங்கை இன்று கம்பெனிக்கு எழுதி, ஊசிக்கு முந்தைய சீரத்தைக் கேட்டிருக்கிறாள். அது வந்ததும் நல்ல கன்றின் இலையில்தான் முதல் ஜெல்.